போர் விமானம் என்ன விலை?

அருப்புக்கோட்டையில் ஒரு நெசவாளர் வீடு. உள்ளே தறி ஓடுகிறது. வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு சேலை நெய்து தர வேண்டும். என்ன விலை ஆகும்?"

நெசவாளர் சிரித்துவிட்டார்.

"ஒரு சேலைக்கு யாராவது பாவு ஓட்டுவார்களா, தம்பி? நூல் வாங்க வேண்டும். சாயம் போட வேண்டும். பாவு ஓட்டித் தறியில் பிணைக்க வேண்டும். அவ்வளவு செலவையும் ஒரே சேலையின் தலையில் வைத்தால் உங்களுக்குக் கட்டாது. ஒரு பாவு முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள். சேலைக்கு இவ்வளவு என்று கணக்காகச் சொல்லிவிடுகிறேன்."

இந்தப் பேச்சு அருப்புக்கோட்டைத் தெருக்களில் யாருக்கும் புதிது அல்ல. டில்லியில், ராணுவ இலாகாவில், ஆயிரம் ஆயிரம் கோடியில் நடக்கும் பேச்சும் ஏறக்குறைய இதுவேதான். அங்கே சேலைக்குப் பதில் சண்டை விமானம். பாவுக்குப் பதில் பல வருஷ ஒப்பந்தம்.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி அப்படி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கம்பெனியிடம் 97 தேஜஸ் விமானங்களை மத்திய சர்க்கார் கேட்டிருக்கிறது. 68 விமானங்கள் ஒருவர் உட்கார்ந்து ஓட்டுபவை. 29 விமானங்களில் இரண்டு இருக்கைகள். தொகை 62,370 கோடி ரூபாய்க்கு மேல். இதில் வரி சேரவில்லை.

மறுநாள், 26-ந் தேதி, சண்டிகாரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்து அனுப்பினார்கள். 1963-ல் விமானப் படைக்கு வந்த விமானம் அது. தாத்தா காலத்து விமானத்தைப் பேரன் ஓட்டினான் என்று சொன்னால் அது மிகையே அல்ல.

இந்த 62,370 கோடி ரூபாய் யாருடையது? கரிசல் காட்டில் பருத்தி எடுத்துவிட்டு, கூலிக் காசில் சோப்புக் கட்டி வாங்கும் பெண்ணும் அதில் வரி கட்டுகிறாள். திருச்சுழிக் கடையில் பேரனுக்கு பிஸ்கட் வாங்கும் கிழவரும் கட்டுகிறார். ஆகையால் விலை என்ன, எப்படி வைக்கிறார்கள் என்று கேட்க அவர்களுக்குப் பாத்தியதை உண்டு.

வகுத்துப் பார்த்தால் வருமா?

தேநீர்க் கடையில் பத்திரிகை படிப்பவர் முதலில் செய்யும் காரியம், மொத்தத் தொகையை விமானங்களின் எண்ணிக்கையால் வகுப்பது. 62,370 கோடியை 97-ஆல் வகுத்தால் 643 கோடி. "அடேயப்பா! ஒரு விமானம் 643 கோடியா?" என்று பேச்சு கிளம்புகிறது.

இந்தக் கணக்கு தப்பு. ஏன் தப்பு என்று காட்ட இதற்கு முந்தைய ஒப்பந்தமே போதும்.

2021-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி 83 தேஜஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 73 சண்டை விமானங்கள். 10 பயிற்சி விமானங்கள். அதற்கு மந்திரிசபைக் குழு ஒதுக்கிய தொகை 45,696 கோடி ரூபாய். வகுத்தால் ஒன்றுக்கு 550 கோடி வருகிறது. ஆனால் அப்போது கம்பெனியின் தலைவராக இருந்த ஆர். மாதவன் விவரத்தைப் பிரித்துச் சொன்னார். சண்டை விமானத்தின் அடிப்படை விலை 309 கோடி. பயிற்சி விமானம் 280 கோடி. இந்த வகையில் எல்லா விமானங்களுக்கும் சேர்த்துச் சுமார் 25,000 கோடிதான்.

அப்படியானால் மீதி எங்கே போயிற்று?

சுமார் 11,000 கோடி, விமானத் தளங்களில் வைக்க வேண்டிய கருவிகளுக்கும் மற்ற வசதிகளுக்கும். புது மாட்டை வாங்கினால் மட்டும் போதுமா? தொழுவம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி வேண்டும். வைத்தியம் பார்க்க ஆள் வேண்டும். விமானத்துக்கும் அப்படித்தான். இன்னொரு 7,000 கோடி சுங்கத் தீர்வையும் சரக்கு சேவை வரியும். இது சர்க்கார் தானே கொடுத்து, பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும் பணம். எஞ்சியதில் டாலர் விலை ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு தொகை.

ஆகவே 550-ஐயும் 643-ஐயும் பக்கத்தில் வைத்து, "நாலரை வருஷத்தில் விலை ஏறிவிட்டது பார்" என்று சொல்வதும் சரியல்ல. முதல் தொகையில் வரி உண்டு, இரண்டாவதில் இல்லை. இரட்டை இருக்கை விமானங்களின் எண்ணிக்கையும் வேறு. புது விமானங்களில் உள்நாட்டிலேயே செய்த ராடாரும் வருகிறது. பிரான்சிலிருந்து 36 ரபேல் விமானங்களை 2016-ல் 787 கோடி யூரோவுக்கு வாங்கியபோது நாடே இரண்டுபட்டு வாதாடியது. அந்த வாதத்திலும் பாதிக் குழப்பம், வெறும் விமான விலையையும், ஆயுதம், உதிரி பாகம், பராமரிப்பு எல்லாம் சேர்ந்த விலையையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டதால் வந்ததே.

குழப்பத்துக்கு மக்கள் பொறுப்பல்ல. தொகையைப் பிரித்துச் சொல்லாதவர்களே பொறுப்பு. 2021-ல் மாதவன் சொன்னதுபோல ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சொல்லிவிட்டால் எதிரிக்கு எந்த ரகசியமும் தெரிந்துவிடாது. தொழுவத்தின் விலையைச் சொன்னதால் மாடு களவு போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

பாவு அறுந்த கதை

விமானத்தை ஏன் வருஷத்துக்குப் பத்து என்று வாங்கக்கூடாது? ஏன் 83, 97 என்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள்?

நெசவாளர் சொன்னதே விடை. ஒரு விமானத்தில் ஆயிரக்கணக்கான பாகங்கள். அவற்றைச் செய்யும் கம்பெனிகள் நூற்றுக்கு மேல். புது ஒப்பந்தத்தில் மட்டும் 105 இந்தியக் கம்பெனிகள் சேர்ந்திருக்கின்றன. அவர்கள் இயந்திரம் வாங்க வேண்டும். ஆட்களைப் பழக்க வேண்டும். "இந்த வருஷம் பத்து, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றால் எவன் கடன் வாங்கி இயந்திரம் வைப்பான்? வைத்தாலும் முழுச் செலவையும் பத்து விமானத்திலேயே எடுக்கப் பார்ப்பான். ஆறு வருஷத்துக்கு வேலை உண்டு என்று எழுத்தில் இருந்தால் உலோகத்தை மொத்தமாக வாங்குவான். கை பழகப் பழக வேலை நேரமும் குறையும்.

தேஜஸ் விமானத்தை ஆரம்பத்தில் இப்படி வாங்கவில்லை. 2006-ம் ஆண்டு மார்ச்சில் 20 விமானங்களைக் கேட்டார்கள். விலை சுமார் 2,700 கோடி. நாலரை வருஷத்துக்கும் மேல் கழித்து 2010 டிசம்பரில் இன்னும் 20. இந்த முறை விலை சுமார் 5,990 கோடி! இரண்டாவது தொகுதியில் வசதிகள் அதிகம். ஆகவே பழி முழுவதையும் காலத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் அதே இருபதுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது உண்மை. 2006-ல் கேட்ட விமானத்தில் முதலாவது படையிடம் வந்தது 2015 ஜனவரியில்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேதனை.

தேஜசின் உடல் பெங்களூரில் உருவாகிறது. இதயம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் எப்-404 என்ற எஞ்சின் அது. அந்தக் கம்பெனி 2016-க்குள் 65 எஞ்சின்களைக் கொடுத்து முடித்துவிட்டது. அடுத்த ஆர்டர் இல்லை. உற்பத்தி வரிசையை நிறுத்திவிட்டது.

அதே 2016-ம் ஆண்டு நவம்பரில்தான் 83 விமானங்கள் வாங்க ராணுவ இலாகா பூர்வாங்க ஒப்புதல் கொடுத்தது. கையெழுத்தானதோ 2021 பிப்ரவரியில். நடுவே நாலு வருஷத்துக்கும் மேல் கடிதப் போக்குவரத்தும் விலைப் பேரமும். பேரம் பேசியது குற்றம் அல்ல. பொதுப் பணம், பேசத்தான் வேண்டும். விற்பவர் ஒரே கம்பெனி, அதுவும் சர்க்காரே பெரும்பங்கு வைத்திருக்கும் கம்பெனி. போட்டி டெண்டர் கிடையாது. ஆகவே கணக்குப் புத்தகத்தைப் பிரித்து வைத்து, கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று வரி வரியாகப் பார்த்தே விலை முடிவு செய்ய முடியும். ஆனால் இங்கே மேஜையைச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அங்கே எஞ்சின் வரிசை பூட்டிக் கிடந்தது.

2021 ஆகஸ்டில் 99 எஞ்சின்களுக்கு 5,375 கோடி ரூபாயில் ஆர்டர் கொடுத்தார்கள். ஐந்து வருஷம் மூடிக் கிடந்த வரிசையை மறுபடி ஓட்டுவது லேசாக இல்லை. பாகம் செய்து கொடுத்த சிறு கம்பெனிகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கொரோனாவும் குறுக்கே வந்தது. முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில்.

தறி நின்றால் என்ன ஆகும் என்று அருப்புக்கோட்டைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலை இல்லாத நெசவாளி திருப்பூருக்குப் போய்விடுகிறான். திரும்ப ஆர்டர் வரும்போது தறி இருக்கும், கை இருக்காது.

அமெரிக்காக்காரர்கள் இந்தப் பாடத்தை முன்பே படித்தவர்கள். அங்கே பாராளுமன்றம் வருஷா வருஷம்தான் பணம் ஒதுக்கும். ஆனால் சாமான் நிச்சயமாகத் தேவை, அமைப்பு மாறாது, செலவில் கணிசமாக மிச்சமாகும் என்று இலாகா காட்டினால், பல வருஷத்துக்குச் சேர்த்து ஒப்பந்தம் போடத் தனிச் சட்டம் இடம் தருகிறது. சி-17 என்ற பெரிய சரக்கு விமானத்தில் 80-ஐ ஏழு வருஷத்துக்கு ஒரே ஒப்பந்தமாக 1996-ல் அப்படித்தான் வாங்கினார்கள். நடுவில் சர்க்கார் மனம் மாறினால் கம்பெனிக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். பாவு ஓட்டச் சொல்லிவிட்டுப் பாதியில் வேண்டாம் என்றால் நூலுக்காவது காசு கொடுக்க வேண்டாமா?

கிணறு வெட்டிய சம்சாரி

விலை வைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி ஒருவரின் கிணற்றடியிலேயே பார்த்துவிடலாம்.

மேலே கரிசல். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. மேஸ்திரியிடம் சம்சாரி, "தண்ணீர் வரும்வரை வெட்டு. மொத்தம் இவ்வளவு. அதற்கு மேல் ஒரு சல்லி தரமாட்டேன்" என்கிறார். மேஸ்திரியும் வேலை கிடைத்தால் போதும் என்று தலையாட்டுகிறார். இருபது அடியில் பாறை. வெடி வைக்க வேண்டும். கைக்காசு கரைகிறது. ஒரு நாள் காலையில் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு மேஸ்திரி ஊர் போய்ச் சேருகிறார். கிணறும் இல்லை, கொடுத்த பணமும் இல்லை.

அமெரிக்கக் கடற்படை இதே காரியத்தைச் செய்தது. ஏ-12 என்று ஒரு விமானம். அதுவரை யாரும் செய்து பார்க்காத ரகம். 1988-ல் இரண்டு பெரிய கம்பெனிகளிடம், இந்தத் தொகைக்கு மேல் தரமாட்டோம் என்று வரம்பு கட்டி ஒப்பந்தம் போட்டார்கள். பாறை தட்டியது. எடை ஏறியது, செலவு ஏறியது, தேதி தள்ளிப் போயிற்று. 1991 ஜனவரியில் ராணுவ மந்திரி டிக் செனி ஒப்பந்தத்தையே ரத்து செய்தார். அதற்குள் 200 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. ஒரு விமானம்கூட வானத்தில் ஏறவில்லை. யார் குற்றம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு 23 வருஷம் நடந்தது! 2014-ல் கம்பெனிகள் 40 கோடி டாலர் மதிப்புள்ள சாமானும் வேலையும் கொடுத்துச் சமாதானம் ஆயிற்று.

இன்னொரு வழி, "ஆகிற செலவைக் கொடுக்கிறேன், அதற்கு மேல் உனக்கு இவ்வளவு லாபம்" என்பது. இதில் மேஸ்திரி ஓடமாட்டார். ஆனால் அவசரமும் படமாட்டார். பத்து ஆள் வேலைக்கு இருபது ஆள் வைத்தாலும் அவருக்கு நஷ்டம் இல்லை.

ஆகவே தெரியாத பூமிக்குச் செலவுக் கணக்கு. தெரிந்த தறிக்கு நிலையான விலை. தேஜஸ் விமானத்தை உருவாக்கும் வேலை 1983-ல் தொடங்கியது. 2001 ஜனவரி 4-ந் தேதி முதன்முதலாகப் பறந்தது. அந்த ஆராய்ச்சிக் காலச் செலவு தனிக் கணக்கு. இப்போது நடப்பது, பலமுறை நெய்த சேலையைக் கொஞ்சம் புது வேலைப்பாட்டோடு மறுபடி நெய்வது. இதற்கு விலையை முன்கூட்டி முடிவு செய்வது நியாயமே.

ஆனால் எட்டு வருஷம் ஓடும் ஒப்பந்தத்தில் விலையை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவும் முடியாது. 2021 பிப்ரவரியில் ஒரு டாலருக்குச் சுமார் 73 ரூபாய். 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. அன்று 7 கோடியே 30 லட்சத்துக்கு வந்த வெளிநாட்டுச் சாமானுக்கு இன்று 9 கோடி கொடுக்க வேண்டும். இந்த உயர்வு யார் தலையில்? கம்பெனியின் தலையில் என்றால், அது பயந்துகொண்டு முதலிலேயே விலையை உயர்த்திச் சொல்லும். அதனால்தான் டாலருக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கி, ஏறினால் இவ்வளவு வரை தருவோம் என்று எழுதுகிறார்கள்.

பணத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடுவதில்லை. கையெழுத்தானதும் முன்பணம். பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து வரை. அதற்கு பாங்கி ஜாமீன் வாங்கிக்கொள்வது வழக்கம். பிறகு வேலை ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஒரு தவணை. கடைசித் தவணை, விமானம் கைக்கு வந்த பிறகு. ஒவ்வொரு வருஷ பட்ஜெட்டிலும் புதுச் சாமானுக்கு என்று வைத்ததாக நினைக்கும் பணத்தில் பெரும்பகுதி, பழைய ஒப்பந்தங்களின் தவணைக்கே போய்விடுகிறது. சீட்டுக் கட்டும் குடும்பங்களுக்கு இது புரியும். இந்த மாதச் சம்பளம் போன வருஷம் எடுத்த சீட்டுக்குப் போகிறது.

தேதி தவறினால்?

83 விமானங்களில் முதல் மூன்று 2024-ல் வந்திருக்க வேண்டும். அதன் பிறகு வருஷத்துக்குப் பதினாறு. வரவில்லை. நாசிக்கில் அமைத்த புது உற்பத்தி வரிசையில் செய்த முதல் விமானம் 2025 அக்டோபர் 17-ந் தேதிதான் பறந்து காட்டியது. அன்றுவரை அந்த 83-ல் சண்டை விமானம் ஒன்றுகூடப் படையின் கைக்கு வந்திருக்கவில்லை.

தாமதத்துக்கு அபராதம் உண்டு. வழக்கமான விதி, தாமதமான சாமானின் விலையில் வாரத்துக்கு அரை சதவீதம். 300 கோடி விமானத்துக்கு வாரம் ஒன்றரைக் கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அபராதத்துக்கு உச்சவரம்பு உண்டு. வரம்பு ஐந்து சதவீதம் என்றால் பத்தாவது வாரத்தோடு சரி. பதினோராவது வாரமும் நூறாவது வாரமும் ஒன்றுதான். அதற்கு மேல், கட்டுவது சர்க்கார் கம்பெனி, வாங்குவது சர்க்கார். வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும் காசு யாரை உறுத்தும்?

விமானப் படைத் தளபதி ஏ.பி. சிங்குக்கு உறுத்தியிருக்கிறது. 2025 மே மாதம் டில்லியில் தொழிலதிபர்கள் கூடிய சபையில் அவர் மனம்விட்டுப் பேசினார். சொன்ன தேதியில் முடிந்த திட்டம் ஒன்றுகூட நினைவில் இல்லை என்றார். கையெழுத்துப் போடும்போதே அந்த நாளில் வராது என்று தெரிந்தும் போடுகிறோம் என்ற பொருளில் குறைப்பட்டார். ஒரு தளபதி பகிரங்கமாக இப்படிப் பேசுவது சாதாரண விஷயம் அல்ல. படைக்கு 42 பிரிவுகள் அனுமதி. மிக்-21 போன பிறகு இருப்பது 29.

புது விமானம் தாமதமானால் பழைய விமானம் கூடுதல் நாள் பறக்க வேண்டும். அதற்கு என்ன விலை என்பது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. 2012-ல் அப்போதைய ராணுவ மந்திரி ஏ.கே. அந்தோணி பாராளுமன்றத்தில் ஒரு கணக்கு வாசித்தார். 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் போயின. 171 விமானிகள் இறந்தார்கள். தரையில் இருந்த பொதுமக்கள் 39 பேரும் இறந்தார்கள். எல்லா விபத்துக்கும் வயதே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 171 வீடுகளில், இந்தத் தாமதங்களை வெறும் காகித விஷயம் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

கோயம்புத்தூர் அருகே சூலூரில் தேஜஸ் விமானங்களுக்குத் தளம் உண்டு. முதல் படைப்பிரிவு 2018-ல் அங்கே வந்தது. இரண்டாவது பிரிவும் 2020 மே 27-ந் தேதி அங்கேயே தொடங்கியது. அந்த விமானங்களில் ஏறும் பிள்ளைகள் இந்த மண்ணின் வீடுகளைப் போன்ற வீடுகளிலிருந்து போனவர்கள்தான்.

ராணுவ இலாகா இப்போது செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அதற்குச் செலவும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட் சமயத்தில் ஒரே ஒரு பக்கம் வெளியிடலாம். எந்த ஒப்பந்தம், எத்தனை விமானம், வந்தது எத்தனை, கொடுத்த பணம் எவ்வளவு, வெறும் விமானத்தின் விலை எவ்வளவு, தாமதம் யாரால், அபராதம் வசூலானதா? அருப்புக்கோட்டைக் கூட்டுறவுச் சங்கத்தில் நூல் எவ்வளவு போயிற்று, சேலை எத்தனை வந்தது என்று எழுதி வைக்கும் நோட்டு, இதைவிடப் பெரிய வித்தை அல்ல.

ஒரு விஷயத்தில் டில்லிக்குப் புத்தி வந்திருப்பது தெரிகிறது. 97 விமான ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒன்றரை மாதத்துக்குள், 2025 நவம்பர் 7-ந் தேதி, ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிடம் இன்னும் 113 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். 2027-ல் தொடங்கி 2032 வரை அவை வர வேண்டும். முந்தைய 99 எஞ்சின்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஆர்டர் போய்விட்டது. இந்தத் தடவை வரிசை நிற்கவில்லை. 97 விமானங்களில் முதலாவது வர வேண்டிய வருஷம் 2027-28.